தலையான பாவம்: அகந்தை குறித்த கிறிஸ்தவச் சிந்தனை, ஒரு மீள்பார்வை

கார்ல் மென்னிங்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1973-இல் ஒரு நூல் எழுதினார். பாவம் என்பது எங்கே போயிற்று என்பதே அதன் தலைப்பு. முன்பு பாவம் எனப்பட்டவற்றுள் ஒரு பகுதி குற்றமாகிக் காவல்துறையிடம் போயிற்று. இன்னொரு பகுதி நோயாகி மருத்துவமனைக்கு வந்தது. மிச்சத்தை எல்லாரும் சேர்ந்து செய்வதால் யாருக்கும் அதில் பொறுப்பில்லை என்றாயிற்று என்பது அவருடைய கவலை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1982-இல், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ராபர்ட் ஷூலர் வேறு திசையைக் காட்டினார். லூதரின் சீர்திருத்தத்துக்கு அடுத்த சீர்திருத்தம் மனிதரின் தன்மதிப்பை மீட்பதுதான் என்று அவர் எழுதினார்.

இவ்விரண்டு நூல்களுக்கும் நடுவே நிற்கிறது நம் கேள்வி. எல்லாப் பாவத்துக்கும் வேர் அகந்தையே என்று ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகத் திருச்சபை போதித்துவந்திருக்கிறது. தன்னம்பிக்கையையும் சாதனையையும் போற்றும் நம் காலத்தில் அந்தப் போதனைக்கு இன்னும் பொருள் உண்டா? உண்டு என்பதே என் முடிவு. ஆனால், அகந்தையைத் தனிமனிதரின் திமிராக மட்டும் சுருக்கிவிட்டால் அது செத்த போதனை. அகந்தை கூட்டத்தில் வாழ்கிறது, நல்லொழுக்கத்தில் வாழ்கிறது, பக்தியிலும் வாழ்கிறது. இதைக் கண்டுகொள்ளாமல் தாழ்மையைப் பிரசங்கித்தால், அந்தப் பிரசங்கம் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர் முதுகில்தான் விழும்.

வேதாகமம் வைக்கும் அடித்தளம்

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பாம்பு ஏவாளுக்குக் காட்டும் ஆசை கடவுளைப்போல ஆவது. பழத்தின் ருசி அதற்குப் பிறகுதான் வருகிறது. பதினோராம் அதிகாரத்தில் பாபேல் கோபுரம் எழுகிறது. அங்கே தனி ஒருவரின் ஆசை பேசப்படவில்லை. ஒரு சமூகமே கூடித் தன் பெயரை நிலைநாட்டத் துடிக்கிறது. ஆக, தனிமனித அகந்தைக்கும் கூட்டு அகந்தைக்கும் முதல் நூலிலேயே இடம் இருக்கிறது. பின்னாளில் போதகர்கள் முதற்கதையை விரித்த அளவுக்கு இரண்டாவதை விரிக்கவில்லை.

உபாகமம் எட்டாம் அதிகாரம் இன்னொரு வகையை எச்சரிக்கிறது. வனாந்தரத்தில் பசியோடு அலைந்த மக்கள், நல்ல வீடும் மந்தையும் பொன்னும் பெருகியபின், இவையெல்லாம் என் கைவலிமையால் வந்தவை என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்வார்கள் என்கிறது. செல்வத்தைக் காட்டிலும், அது வந்த வழியை மறப்பதே அங்கு கண்டிக்கப்படுகிறது. தானியேல் நூலில் நேபுகாத்நேச்சார் தன் பாபிலோனைப் பார்த்துப் பெருமிதம் கொள்ளும் நேரத்திலேயே அறிவிழந்து புல்மேயப் போகிறான். அரசு அதிகாரத்தின் அகந்தைக்கு அது சித்திரம்.

இயேசு சொன்ன உவமைகளுள் இவ்விஷயத்தில் ஆழமானது லூக்கா பதினெட்டாம் அதிகாரத்துப் பரிசேயன், ஆயக்காரன் உவமை. அந்தப் பரிசேயன் நல்லவன். உபவாசம் இருக்கிறான், தசமபாகம் தவறாமல் கொடுக்கிறான், களவு செய்வதில்லை. அவன் சொல்வதில் பொய் இல்லை. பக்கத்தில் நிற்பவனைக் காட்டித் தன்னை அளந்துகொள்வதில்தான் அவனுடைய ஜெபம் கெட்டுப்போகிறது. அகந்தைக்குத் தீயொழுக்கம் தேவையில்லை, நல்லொழுக்கமே போதும் என்ற இந்த நுட்பம்தான் கிறிஸ்தவச் சிந்தனை உலகுக்கு வழங்கிய தனிக்கொடை என்று கருதுகிறேன்.

பாலைவனத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்துக்குப் போன துறவிகள் தங்கள் மனத்தையே ஆராய்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான எவாக்ரியுஸ், துறவியை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனியில் தொடங்கும் அந்தப் பட்டியல் வீண்பெருமையிலும் அகந்தையிலும் முடிகிறது. பிற எண்ணங்களை வென்றவனைத்தான் கடைசி இரண்டும் பிடிக்கின்றன என்பது அவர்களுடைய அனுபவம். ஜான் கசியன் இந்தச் சிந்தனையை மேற்கே கொண்டுசென்றார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவரான பெரிய கிரகோரியார் பட்டியலை ஏழாகத் திருத்தி, அகந்தையை அவற்றின் அரசியாக மேலே வைத்தார். பழைய தமிழ் ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழையும் அகங்காரத்தில் தொடங்கி மனப்பாடம் செய்தவர்கள் அந்த மரபின் கடைசிக் கண்ணிகள்.

அகந்தையை வரலாற்றின் விசையாகவே கண்டவர் புனித அகுஸ்தீனார். 410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த கேடு இது என்று கிறிஸ்தவர்கள்மீது பழி விழுந்தது. அதற்கு மறுமொழியாக 413 முதல் 426 வரை அவர் எழுதியது 'கடவுளின் நகரம்'. தன்னை நேசித்துக் கடவுளைப் புறக்கணிக்கும் அன்பு ஒரு நகரத்தையும், கடவுளை நேசித்துத் தன்னைப் பின்னிறுத்தும் அன்பு இன்னொரு நகரத்தையும் கட்டுகின்றன என்பது அதன் மையக்கருத்து. பேரரசின் புகழ்வேட்கையைப் பாவமாக எழுதிய துணிவு அந்த நூலுக்கு உண்டு. தம்முடைய 'அறிக்கைகள்' நூலில், சிறுவயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசியால் திருடவில்லை, தனியாக இருந்திருந்தால் திருடியிருக்கவும் மாட்டேன் என்கிறார். பாவத்தில் கூட்டாளிகளின் பங்கு என்ன என்ற கேள்வி அங்கேயே முளைவிட்டிருக்கிறது.

ஆதாமின் குற்றமே சந்ததிக்கு இறங்குகிறது என்ற அகுஸ்தீனாரின் விளக்கத்தைக் கிழக்கத்திய சபைகள் அப்படியே ஏற்கவில்லை. மரணமும் சீர்கேடும் இறங்குகின்றன, குற்றப்பொறுப்பு இறங்குவதில்லை என்பது அவர்கள் நிலை. இந்த வேறுபாடு இன்றும் தீரவில்லை. ஆனால் அகந்தை கொடியது என்பதில் கிழக்கும் மேற்கும் ஒன்றே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், தன் மேன்மையின்மீது கொள்ளும் முறைகெட்ட விருப்பம் என்று அகந்தையை வரையறுத்தார். மேன்மையை நாடுவதே தவறு என்று அவர் சொல்லவில்லை. பெருந்தன்மையை ஒரு நற்பண்பாகவே வைத்தார். தன் ஆற்றலைச் சிறுமைப்படுத்திக்கொண்டு ஒதுங்குவதும் அவர் கணக்கில் ஒரு குறையே. தாழ்மையைத் தன்னிழிவோடு குழப்பும் பிற்காலப் போதகர்கள் மறந்த பகுதி இது.

1515-16-இல் ரோமர் நிருபத்தை விளக்கிய மார்ட்டின் லூதர், பாவி என்பவன் தனக்குள்ளேயே வளைந்துபோனவன் என்ற படிமத்தைக் கையாண்டார். வளைந்த மனம் கடவுளைக்கூடத் தன் நலனுக்காகவே தேடும் என்பதால் பக்திச் செயல்களும் ஐயத்துக்குரியவை ஆயின. மனிதனின் மேன்மையையும் அவலத்தையும் ஒருசேரப் பேசவேண்டும், ஒன்றை மட்டும் பேசினால் அகந்தையோ விரக்தியோதான் மிஞ்சும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் வாதிட்டார்.

போர் திறந்துவிட்ட கண்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கிறிஸ்தவம் முன்னேற்றத்தின்மேல் நம்பிக்கை வைத்திருந்தது. கல்வியும் பண்பாடும் வளர வளர மனிதர் நல்லவராவர் என்று அது நம்பியது. 1914 அக்டோபரில் ஜெர்மானிய அறிஞர்கள் 93 பேர் தங்கள் நாட்டின் போரை ஆதரித்து அறிக்கை விட்டார்கள். சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் என்ற ஊரில் போதகராக இருந்த கார்ல் பார்த், தம் மதிப்புக்குரிய இறையியல் ஆசிரியர்களின் பெயர்களை அதில் கண்டு அதிர்ந்தார். 1919-இல் வெளிவந்து 1922-இல் முழுவதும் திருத்தி எழுதப்பட்ட அவருடைய ரோமர் விளக்கவுரை, கடவுளின் தீர்ப்புக்கு முன் மதமும் பண்பாடும்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைக் காட்டியது. 1934 மே மாதம் பார்மன் நகரில் வெளியான பிரகடனத்தின் முதன்மை ஆசிரியரும் அவரே. நாசிகளின் இனப்பெருமை ஆலயத்துக்குள் நுழைந்தபோது, இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவர் சபைக்கு இல்லை என்று அது மறுத்து நின்றது.

அமெரிக்காவில் ரைன்ஹோல்ட் நீபூர் 1915 முதல் 1928 வரை டெட்ராய்ட் நகரில் போதகராக இருந்தார். ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலைகள் வளர்ந்த நகரம் அது. தனிப்பட்ட முறையில் நல்லவர்களான சபையார் நடுவிலேயே தொழிலாளர் கசக்கப்படுவதை அவர் நேரில் பார்த்தார். அந்த அனுபவமும் சேர்ந்து உருவான நூல்தான் 1932-இல் வந்த 'ஒழுக்கமுள்ள மனிதனும் ஒழுக்கமற்ற சமூகமும்'. தனியாளாக இருக்கும்போது மனச்சாட்சிக்கு அஞ்சுகிறவர்கள், நாடு, இனம், வர்க்கம் என்று திரளும்போது அஞ்சுவதில்லை என்பது அதன் சாரம். 1939-இல் எடின்பரோவில் அவர் நிகழ்த்திய கிஃபோர்டு உரைகளின் இரு பகுதிகளுக்கு நடுவே இரண்டாம் உலகப்போர் மூண்டது. அந்த உரைகளில் அகந்தையை அவர் வகைப்படுத்தினார்: அதிகாரத்தின் அகந்தை, அறிவின் அகந்தை, ஒழுக்கத்தின் அகந்தை. மூன்றாவது முற்றி, தன் கட்சியே கடவுளின் கட்சி என்று சாதிக்கும்போது அது ஆன்மிக அகந்தையாகிறது. அதுவே மிகக் கொடியது என்றார்.

நீபூர் தம் நாட்டையும் விடவில்லை. 1946-இல் அமெரிக்கச் சபைகளின் கூட்டவை அமைத்த குழு, ஹிரோஷிமா, நாகசாகி மீதான குண்டுவீச்சை ஒழுக்கத்தால் நியாயப்படுத்த முடியாதது என்று அறிக்கையிட்டது. அதில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், தனிமனிதரைக் காட்டிலும் குழுக்களே ஒழுக்கம் குன்றியவை என்ற கருத்துக்கு நீபூரைத்தான் துணைக்கு அழைத்தார்.

எழுந்த மறுப்பு

1960-இல் வாலரி சேவிங் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அகந்தையே மனிதகுலத்தின் அடிப்படைப் பாவம் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள், தங்கள் அனுபவத்தையே மனித அனுபவமாக அவர்கள் எண்ணிவிட்டார்கள் என்றார். பிறருக்காகவே வாழ்ந்து, தனக்கென ஒரு முகம் இல்லாமல் கரைந்துபோவதே பல பெண்களின் சோதனை. அப்படிப்பட்டவளிடம் உன்னை ஒடுக்கிக்கொள் என்று போதிப்பது நோயை வளர்க்கும் மருந்து என்பது அவர் வாதம். கார்ல் பார்த்தும் தம் பெருநூலில் அகந்தைக்கு அடுத்தபடியாக, எழுந்து நிற்க மறுக்கும் சோம்பலையும் பாவத்தின் வடிவமாக விரித்திருந்தார். சேவிங்கின் வாதம் அதைவிடக் கூர்மையானது. யாரிடம் எதைப் போதிக்கிறோம் என்று அது போதகரையே கேட்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் மதங்களை நோக்கி எழுப்பிய வினாக்களுள் இதுவும் உண்டு. குனிந்தே பழக்கப்பட்டவனுக்குத் தாழ்மை உபதேசம் எதற்கு? இந்த மறுப்பைக் கிறிஸ்தவர்கள் ஏற்கவேண்டும் என்பேன். ஏற்றால் அகந்தைபற்றிய போதனை அழியாது. அது போகவேண்டிய முகவரி சரியாகும். தேவதாயாகிய மரியாள் பாடிய பாட்டில் தாழ்ந்தவர்களை மேலும் தாழும்படி கடவுள் சொல்வதில்லை. பலவான்களை ஆசனத்திலிருந்து இறக்குகிறார், தாழ்ந்தோரை உயர்த்துகிறார்.

இதே திசையில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968-இல் மெடஜின் நகரில் கூடி, வறுமையை உண்டாக்கும் அமைப்புகளையே பாவநிலை என்று கண்டித்தார்கள். போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் பாவக் கட்டமைப்புகள் பற்றி எழுதினார். ஆதாய வெறியும் அதிகார வெறியும் அவற்றின் வேர்கள், ஆனால் அவற்றைக் கட்டியதும் காப்பதும் மனிதர்களே, எனவே யாரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றார். உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு 1982-இல் ஒட்டாவாவில் கூடியபோது, தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பாவம் என்றும், அதற்கு இறையியல் நியாயம் கற்பிப்பதைத் தப்பறை என்றும் அறிவித்தது. ஒரு சமூகத்தின் பெருமிதம் சபையின் விசுவாசத்தையே கெடுக்கும் என்று வெளிப்படையாகத் தீர்ப்பளித்த அரிய தருணம் அது.

தமிழ் மண்ணில்

எல்லாப் பந்தத்துக்கும் அடியில் ஒரு மூலக்கட்டு உண்டு என்ற எண்ணம் தமிழருக்கு அந்நியமல்ல. செம்பில் களிம்புபோல ஆன்மாவோடு தொடக்கமின்றி ஒட்டியிருப்பது ஆணவ மலம் என்கிறது சைவ சித்தாந்தம். கிறிஸ்தவம் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. படைப்பு நல்லதாகவே இருந்தது, மனித விருப்பமே அதைக் கெடுத்தது என்பது அதன் நிலை. ஆகவே அகந்தைக்கு மனிதர் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்லாமல் விட்ட கணக்கு தமிழ்ச் சபைகளில் நீண்டது. 1706-இல் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதிலிருந்து சாதி வேறுபாடு ஆலயத்துக்குள்ளும் இருந்தது. தனித்தனி இருக்கைகள், நற்கருணையில் முன்னவர் பின்னவர் என்ற வரிசை எல்லாம் நீடித்தன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சை வட்டாரத்தில் பலர் சாதியை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள். இன்றும் ஆலயங்களில் உருகிப் பாடப்படும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார்கூட, சாதி வழக்கங்களை ஒழிக்க முனைந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். அவருடைய பக்தியை ஐயுற எனக்கு மனமில்லை. உண்மையான பக்தியும் கூட்டு அகந்தையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதைத்தான் அந்த வரலாறு கற்பிக்கிறது. நீபூர் டெட்ராய்ட்டில் கண்டதும் இதுவே.

கத்தோலிக்கரிடையே வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் நிலவுவதை ஒப்புக்கொண்டது. வெளியே 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிகளில் சேர்க்கவில்லை. உள்ளே சபை அவர்களைச் சமமாக நடத்தவில்லை. இரண்டு பக்கமும் அடி.

1981-இல் பெங்களூருவில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையை ஒட்டித் தலித் இறையியல் உருவெடுத்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாப்பிலஸ் அப்பாவு, நாட்டார் இசையில் பாடல்கள் இயற்றினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதை இறையியலாகவே போதித்தார். யார் கையால் சமைத்ததை யார் உண்பது என்பதில்தான் இங்கே அகந்தை வெளிப்படுகிறது என்று அவருக்குத் தெரியும். ஐரோப்பிய இறையியலில் இல்லாத கூர்மை அந்த எளிய போதனையில் இருக்கிறது.

இன்றைய முகங்கள்

செழிப்பு உபதேசம் இன்றைய அகந்தையின் முதல் முகம். பணமும் உடல்நலமும் விசுவாசத்தின் பரிசு என்றால், ஏழையும் நோயாளியும் விசுவாசம் குறைந்தவர்கள் என்றாகிறது. உபாகமம் எச்சரித்த கைவலிமைப் பெருமை இங்கே என் விசுவாச வலிமை என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. 2010-இல் கேப் டவுனில் கூடிய, உலக நற்செய்திப் பணிக்கான லொசேன் மாநாடு, அதிகாரம், வெற்றி, பேராசை ஆகியவற்றைச் சபைக்குள்ளேயே இருக்கும் விக்கிரகங்கள் என்று அடையாளம் காட்டியது.

இயற்கையின்மேல் கொண்ட அகந்தை இரண்டாவது. சூழல் சீரழிவுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவமே பொறுப்பு என்று 1967-இல் லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் குற்றஞ்சாட்டினார். பூமியை ஆண்டுகொள்ளும்படி சொன்ன வசனத்தைச் சூறையாடும் உரிமையாகப் படித்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. 2015-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், அந்த வாசிப்பு தவறானது என்று எழுதியதோடு, எல்லாவற்றையும் கருவியாகவும் மூலப்பொருளாகவும் பார்க்கும் தொழில்நுட்ப மனப்பான்மையைக் கண்டித்தார்.

மூன்றாவது முகம் நம் கையிலுள்ள கைப்பேசியில் இருக்கிறது. அகந்தைக்கு ஒப்பீடே உணவு, பிறரைவிட அதிகம் இருப்பதில்தான் அதற்கு இன்பம் என்று சி. எஸ். லூயிஸ் விளக்கினார். சமூக ஊடகம் அந்த ஒப்பீட்டுக்கு எண்ணிக்கை தருகிறது: விருப்பக்குறிகள், பின்தொடர்வோர், பகிர்வுகள். அதைவிட ஆபத்தானது அங்கே விளையும் ஒழுக்க அகந்தை. பிறரின் தவறைக் கண்டித்துப் பதிவிடுவது எளிது. அந்த ஒரு பதிவில் நம்மை நீதிமானாக உணர்கிறோம். பரிசேயன் ஆலயத்தில் செய்த ஜெபத்தை நாம் பொதுவெளியில் செய்கிறோம். கண்டிக்கவேண்டியதைக் கண்டிப்பது கடமைதான். ஆனால் அந்தக் குற்றத்தின் சாயல் என்னிடம் உண்டா என்று கேட்காத கண்டனம் யாரையும் திருத்தியதில்லை.

மதிப்பீடு

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் மூன்று முடிவுகள் தெளிவாகின்றன. முதலாவது, மனிதர் எல்லாரும் பாவிகள் என்ற போதனை அடிப்படையில் ஒரு சமத்துவப் போதனை. அரசனும் ஆயரும் அறிஞரும் அடித்தட்டு மக்களும் ஒரே தரையில் நிற்கிறார்கள். பிறப்பால் தூயவர் என்று ஒருவரும் இல்லை. எனவே சாதியைக் காக்கும் கிறிஸ்தவர் ஒரு சமூகக் குற்றத்தை மட்டும் செய்யவில்லை, தம் விசுவாச அறிக்கையையே மறுக்கிறார். இரண்டாவது, எல்லாரும் பாவிகள் என்பதாலேயே எல்லாருடைய பாவமும் ஒன்றாகிவிடாது. ஒடுக்குபவரின் பாவத்தையும் ஒடுங்கிக் கிடப்பவரின் பாவத்தையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. முன்னவருக்குத் தாழ்மை நற்செய்தி. பின்னவருக்கு நிமிர்தலே நற்செய்தி. மூன்றாவது, தனிமனித மனந்திரும்புதலால் மட்டும் கூட்டு அகந்தை கரைந்துவிடாது. அதற்குச் சட்டமும் விதிமுறையும், சபைக் கட்டுப்பாடும் வேண்டும்.

ஆகவே சபையாருக்கு ஒரு வேண்டுகோள். பெரிய வியாழன் அன்று பன்னிருவர் பாதங்களைக் கழுவுகிறோம். அந்தச் சடங்கு நல்லது. அதோடு நம் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா, திருமண்டலத் தேர்தலில் சாதிக்கணக்கு போடப்படுகிறதா, திருமணப் பேச்சில் முதலில் கேட்கப்படுவது விசுவாசமா சாதியா என்று ஒவ்வொரு சபையும் தன்னையே விசாரிக்கட்டும். விசாரித்து, கண்டதை எழுதி, திருத்தவும் செய்யட்டும். அதுவரை அகந்தையைக் கண்டித்துப் பிறருக்குப் பிரசங்கிக்க நமக்குத் தகுதியில்லை.